டிரைவர் பதில்கள்: ரீஃபர் பழகுகிறவர்களுக்கு

போன இதழில் லாரி ஓட்டப் பழகுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரீஃபர் பற்றித்தான், அதாவது குளிர்பெட்டி டிரெய்லர். லைசென்ஸ் வாங்கிய கையோடு நிறையப் பேரை நேராக இதில்தான் ஏற்றிவிடுகிறார்கள் போல. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: அண்ணா, ஒரு கம்பெனியில் பயிற்சி டிரைவராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. சாதா டிரெய்லர்தான் தருவார்கள் என்று நினைத்திருந்தேன், ரீஃபரில் போட்டுவிட்டார்கள். ரிவர்ஸ் எடுக்கவே இன்னும் கை நடுங்குகிறது, இதில் குளிரையும் சேர்த்துப் பார்க்கணுமா? வேறு பிரிவுக்கு மாற்றிக் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள் தம்பி. எந்த டிரெய்லரைக் கட்டினாலும் முதல் மாதம் கை நடுங்கத்தான் செய்யும். ஓட்டுவதைப் பொறுத்தவரை வித்தியாசம் கொஞ்சம்தான். முன்சுவரில் மாட்டியிருக்கிற குளிர் எந்திரம், அதாவது யூனிட் மட்டுமே முக்கால் டன் பக்கம் வரும், சுவருக்குள்ளே முழுக்க நுரை அடைத்திருப்பார்கள், அதனால் காலி வண்டியே சாதா டிரெய்லரைவிடக் கனம், அச்சு எடை பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கொக்கியில் தொங்கவிட்ட இறைச்சி ஏற்றினால் மட்டும் நிலைமை வேறு. எடை எல்லாம் மேலே இருக்கும், நீங்கள் வளைவைத் திரும்பி முடித்த பிறகும் உள்ளே அது ஆடிக்கொண்டிருக்கும். அந்த லோடில் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தொடக் கூடாது. பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் அதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

மற்றபடி முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது நம் நினைப்பைத்தான். ரீஃபர் சரக்கைக் குளிர வைக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் வருகிறோம், நானும் அப்படித்தான் வந்தேன். ஏற்கெனவே குளிர்ந்து வந்த சரக்கை அதே குளிரில் வைத்திருக்கத்தான் அந்தப் பெட்டிக்குச் சக்தி உண்டு. ஒரு கணக்குப் பாருங்கள். 20 டன் காய்கறி இருக்க வேண்டியதைவிட 5 டிகிரி செல்சியஸ் சூடாக ஏறிவிட்டது என்று வையுங்கள். யூனிட் சுமார் 15 கிலோவாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே தள்ளும் என்றால், தாளில் கணக்குப் போட்டால் 7 மணி நேரம் வரும். அதுவும் சுவர் வழியாக வெயில் ஒரு துளிகூட உள்ளே வராமல், காற்று ஒவ்வொரு காய்க்கும் போய்ச் சேர்ந்தால்தான். நிஜத்தில் பேலட் என்கிற மரத்தட்டில் நெருக்கி அடுக்கிய பெட்டிகளில் நடுப்பெட்டிக்குக் காற்று போவதே கஷ்டம். காய்கறி வேறு உயிருள்ள பொருள், பறித்த பிறகும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், அந்த மூச்சே சூட்டைக் கிளப்பும். ஒரு நாள் முழுக்க ஓட்டிய பிறகும் நடுப்பெட்டி ஏறிய சூட்டிலேயே இருக்கும், சில சமயம் கூடியும் இருக்கும். ஏறும்போது தப்பாக இருந்த லோடு இறங்கும்போதும் தப்பாகத்தான் இருக்கும், நடுவில் உங்கள் கையெழுத்து ஒன்று சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

கேள்வி: லோடு ஏற்றும்போது டிரைவர் டாக்குக்குள்ளேயே, அதாவது கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் மேடையிலேயே, போய் நிற்கணும் என்கிறார் என் பயிற்சியாளர். ஏற்றுகிறவர்களே பார்த்துக்கொள்ள மாட்டார்களா? நான் அங்கே நின்று என்ன செய்யணும்?

பதில்: உங்களுக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறார், அவரை விட்டுவிடாதீர்கள்.

வேலை டாக்குக்குப் போகும் முன்பே தொடங்கிவிடும். முந்தைய லோடு இறங்கியதும் உள்ளே ஏறி முழுக்க நடந்து பாருங்கள். முதலில் மூக்கு. மீன் ஏற்றிய வண்டியைச் சரியாகக் கழுவாவிட்டால் அடுத்த லோடு வெண்ணெயிலும் அந்த வாடை ஏறும். அப்புறம் தரை. ரீஃபரின் தரை தட்டையாக இருக்காது, நீளவாக்கில் வாய்க்கால் வாய்க்காலாக ஓடும். யூனிட்டிலிருந்து வரும் குளிர்காற்று கூரையை ஒட்டித் தொங்கும் துணிக்குழாய் வழியாகப் பின்கதவு வரை போய், அங்கே கீழே இறங்கி, அந்த வாய்க்கால் வழியாகத்தான் முன்னால் திரும்பி வருகிறது. அதில் ஒரு பழைய பிளாஸ்டிக் தாளோ, உடைந்த பேலட் கட்டையோ, காய்ந்த கீரையோ கிடந்தால் காற்று அங்கேயே நின்றுவிடும். கூரையில் இருக்கும் துணிக்குழாய் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் கிழிந்திருந்தால் காற்று அங்கேயே கொட்டிவிடும், முன்னால் இருக்கும் பெட்டிகள் உறையும், பின்னால் இருப்பவை வேகும். கதவு ரப்பரையும் தரையில் இருக்கும் வடிகால் துளைகளையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு கதவை மூடி யூனிட்டை ஓடவிட்டு, லோடுக்குச் சொன்ன வெப்பநிலைக்குப் பெட்டியைக் கொண்டு வர வேண்டும். ஒரு மணி நேரம், வெயில் நாளாக இருந்தால் ஒன்றரை. காட்டும் எண் சீக்கிரமே இறங்கிவிடும், அதை நம்பி உடனே நிறுத்திவிடாதீர்கள், அது காற்றின் சூடு மட்டும்தான். சுவரும் தரையும் குளிர இன்னும் நேரம் பிடிக்கும். டாக்கில் ஒட்டி நிறுத்திக் கதவு திறந்ததும் யூனிட்டை அணைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் வெளியில் இருக்கும் ஈரக்காற்றை உள்ளே இழுத்து, யூனிட்டின் குளிர்க்குழாய்ச் சுருளில் (இதைத்தான் காயில் என்பார்கள்) முழுக்க ஐஸ் கட்டிவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அங்கே நிற்பது தெர்மாமீட்டருக்காக. நான் பழகிய காலத்தில் ஒரு முட்டைக்கோஸ் லோடு. பில்லில், அதாவது லோடோடு வரும் சரக்குச் சீட்டில், 1 டிகிரி என்று இருந்தது. முதல் பேலட்டில் ஒரு பெட்டியைத் திறந்து மேலே இருந்த காயில் ஊசியைச் சுண்டுவிரல் அளவு குத்தினேன், 2 காட்டியது. சரி, பக்கம்தானே என்று அடுத்ததுக்குப் போகப் பார்த்தேன். பயிற்சியாளர் என் கையைப் பிடித்து நிறுத்தி, நடுப்பெட்டி ஒன்றை எடுத்துத் தரச் சொல்லி, அதில் ஒரு காயின் காம்புப் பக்கம் முழு ஊசியையும் இறக்கினார். எண் 2, 3 என்று ஏறத் தொடங்கியது, நிற்கவே இல்லை. ஒரு நிமிடம் கழித்து 7-இல் நின்றது. வெளி இலையைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது, உள்ளே தண்டில் வயல் சூடு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அவர் யாரிடமும் கத்தவில்லை. எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, இதை இப்படியே ஏற்றினால் பில்லில் 7 டிகிரி என்று எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். மேற்பார்வையாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. கடைசியில் பேலட்டுகள் திரும்பக் குளிர் அறைக்குப் போயின, நாங்கள் அங்கேயே தூங்கி மறுநாள் காலை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். ஒரு இரவு போனது உண்மைதான். ஆனால் அந்த லோடு கேள்வியே இல்லாமல் இறங்கியது.

அதனால் குறைந்தது முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடங்களிலாவது குத்திப் பாருங்கள், காயின் நடு வரைக்கும். உறைந்த சரக்கில் குத்தக் கூடாது, இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவில் ஊசியை வைத்து அழுத்திப் பிடித்து எண் நிற்கும்வரை காத்திருங்கள். வாரத்துக்கு ஒரு தடவை உங்கள் தெர்மாமீட்டரையே சோதியுங்கள். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி ஊசியை விட்டால் 0 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எத்தனை டிகிரி தள்ளிக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றி முடிந்ததும் சரக்கு சுவரில் இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேலே போகாமல் இருக்கிறதா, கடைசிப் பேலட்டுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக் கதவை மூடுங்கள்.

கேள்வி: பில்லில் 0 டிகிரி என்று இருந்தது, நானும் யூனிட்டில் 0 வைத்துவிட்டுப் புறப்பட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பயிற்சியாளர் எழுந்து வந்து பார்த்துவிட்டு அதிர்ந்துபோனார். சரக்கு உறைந்த மீன். எழுதியிருந்ததைத்தானே வைத்தேன், என்ன தப்பு?

பதில்: எழுதியிருந்தது ஃபாரன்ஹீட், நீங்கள் வைத்தது செல்சியஸ். 0 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் கிட்டத்தட்ட கழித்தல் 18 டிகிரி செல்சியஸ். உறைந்த உணவுக்கு உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருப்பது அந்தக் கழித்தல் 18-தான். எல்லை தாண்டிப் போகும் உணவு லாரிகளுக்காக 1970-இல் ஜெனீவாவில் கையெழுத்தான ஏ.டி.பி. ஒப்பந்தத்திலும் உறைந்த மீனுக்கு அதே கழித்தல் 18, ஐஸ்கிரீமுக்குக் கழித்தல் 20. அமெரிக்காவில் பில் ஃபாரன்ஹீட்டில் வரும், மற்ற பெரும்பாலான இடங்களில் செல்சியஸ். யூனிட்டோ இரண்டிலும் காட்டும், முன்னால் ஓட்டினவர் எதில் விட்டுப்போனாரோ அதில்தான் இருக்கும்.

இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்தது பெரிய விஷயம். நன்றாக உறைந்து கெட்டியாக ஏறிய 20 டன் சரக்கு அவ்வளவு சீக்கிரம் இளகாது, ஓரப் பெட்டிகள் மட்டும் கொஞ்சம் சூடு ஏறியிருக்கும். இதுவே இரண்டு நாள் ஓடியிருந்தால் கதை முடிந்திருக்கும். பயந்துபோய்க் கடைசி நேரத்தில் மறுபடி கழித்தல் 18-க்கு இறக்கினாலும் பிரயோசனம் இல்லை. இளகி மறுபடி உறைந்த சரக்கைப் பெட்டியைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள். பெட்டிக்குள்ளே ஐஸ் பாளமாக இருக்கும், பாக்கெட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி வடிவம் மாறியிருக்கும், அட்டைப்பெட்டி நனைந்து காய்ந்த தடம் தெரியும்.

இனிமேல் எண்ணைப் பார்க்கும்போதே சரக்கையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா? உறைந்த சரக்குக்கு 0 செல்சியஸ் இருக்கவே முடியாது. கீரை வகை, புரோக்கோலி என்றால் 0-வுக்கு ஒட்டி, பெரும்பாலும் 1 டிகிரி செல்சியஸ், அது ஃபாரன்ஹீட்டில் 34. வாழைப்பழம் என்றால் 13, 14 செல்சியஸ். மருந்து, தடுப்பூசி பலதும் 2-இலிருந்து 8-க்குள். கழித்தல் குறியையும் இரண்டு தடவை பாருங்கள். கையால் எழுதிய பில்லில் அந்தச் சின்னக் கோடு மடிப்பில் காணாமல் போயிருக்கும், பத்து என்றா கழித்தல் பத்து என்றா என்று டாக்கிலேயே கேட்டுவிட வேண்டியதுதான். போனில் ஆபீசுக்குச் சொல்லும்போது எண்ணை மட்டும் சொல்லாமல் "கழித்தல் பதினெட்டு செல்சியஸ், உறைந்த மீன்" என்று முழுசாகச் சொல்லுங்கள். பில்லில் ஒன்று, ஆபீஸ் அனுப்பிய செய்தியில் வேறு ஒன்று என்றால் நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எழுத்தில் பதில் வாங்கிய பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

கேள்வி: கழித்தல் 18 வைத்திருக்கிறேன், திடீரென்று காட்டும் எண் கழித்தல் 8-க்கு ஏறியது. ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்து பார்த்தேன், உள்ளே எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. யூனிட் ரிப்பேரா?

பதில்: டிஃப்ராஸ்ட் ஆகியிருக்கும். குளிர் காயிலில் உறைபனி படியப் படியக் காற்று நுழைய வழியில்லாமல் போகும், அதனால் யூனிட் அவ்வப்போது குளிரை நிறுத்திச் சூடான வாயுவை அந்தக் காயிலுக்குள் விட்டுப் பனியை உருக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் சென்சாரைச் சுற்றியிருக்கும் காற்றுதான் சூடாகும், சரக்கு இல்லை. பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்து எண் தானாக இறங்கிவிடும். அலாரம் விளக்கு எரியாமல் டிஃப்ராஸ்ட் என்று காட்டினால் கவலையே வேண்டாம். ஒரு மணி நேரம் கழிந்தும் இறங்காவிட்டாலோ, அரை மணிக்கு ஒருமுறை மறுபடி மறுபடி டிஃப்ராஸ்டுக்குப் போனாலோ உடனே ஆபீசுக்குச் சொல்லுங்கள்.

ஆனால் தம்பி, வழியில் கதவைத் திறந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்று, உள்ளே இருந்த குளிர் அத்தனையும் கொட்டிப்போய் ஈரம் உள்ளே வந்திருக்கும், இன்னொரு டிஃப்ராஸ்டை நீங்களே கூப்பிட்ட மாதிரி. இன்னொன்று, கதவில் சீல் இருந்ததா? சீல் பற்றிக் கீழே இன்னொருவருக்கு எழுதியிருக்கிறேன், அதையும் படியுங்கள்.

கேள்வி: பழம், காய் எல்லாம் கலந்து ஒரே லோடாக வருகிறது. எல்லாம் குளிரில் இருக்க வேண்டியதுதானே, ஏன் சிலவற்றைச் சேர்த்து ஏற்றக் கூடாது என்கிறார்கள்?

பதில்: இரண்டு காரணம். வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் அதற்குக் குளிர் அடித்துவிடும். தோல் சாம்பல் நிறமாகி, எத்தனை நாள் வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது, பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கீரைக்கு அதே 13 டிகிரி என்றால் வதங்கிவிடும். ஒரே காற்று ஓடும் பெட்டியில் இரண்டையும் வைத்தால் ஏதாவது ஒன்று போகும். நடுவில் தடுப்பு வைத்து இரண்டு மூன்று வெப்பநிலை வைக்கிற பெட்டிகளும் உண்டு, அதில் ஏற்றினால் தடுப்பு கூரையிலும் தரையிலும் நன்றாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது எத்திலீன். ஆப்பிள், பழுத்த வாழை, பழுத்த தக்காளி எல்லாம் இந்த வாயுவை வெளியே விடும். பக்கத்தில் கீரையோ கேரட்டோ வெள்ளரியோ இருந்தால் கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும், வெள்ளரி மஞ்சளாகிக் குழையும். வெப்பநிலை சரியாகவே இருந்தும் சரக்கு கெட்டுப்போனால் இதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. ரீஃபர் குளிரை மட்டும் தராது, சூடும் தரும். வெளியே கழித்தல் 15 இருக்கிற ஊரில் வாழைப்பழம் ஏற்றிப் போனால் உங்கள் யூனிட் வழி நெடுக ஹீட்டர் வேலைதான் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியிலேயே இவ்வளவு குளிராக இருக்கிறதே, யூனிட் எதற்கு என்று அணைத்துவிட்டால் லோடு போச்சு.

கேள்வி: ரீஃபருக்குத் தனி டீசல் டேங்க் இருக்கிறதே, அதை எவ்வளவுக்கு ஒருமுறை நிரப்பணும்?

பதில்: பாதிக்குக் கீழே விடாதீர்கள். வண்டிக்கு டீசல் போடும் ஒவ்வொரு முறையும் ரீஃபர் டேங்கின் முள்ளையும் கீழே இறங்கிப் பார்த்துவிடுங்கள். மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும், வெயிலில் கூடுதலாகப் போகும். சுத்தமாகத் தீர்ந்துபோனால் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது, குழாய்களில் காற்று புகுந்திருக்கும், அதை வெளியேற்றிய பிறகுதான் எஞ்சின் பிடிக்கும், அதற்கு நடு ராத்திரியில் மெக்கானிக்கைத் தேட வேண்டி வரும். வண்டியின் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற யூரியாக் கரைசலை அசதியில் ரீஃபர் டேங்கில் ஊற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும்.

கேள்வி: அண்ணா, நான் பெண் டிரைவர், பயிற்சியில் இருக்கிறேன். என் பயிற்சியாளரும் பெண்தான், நன்றாகச் சொல்லித்தருகிறார். பிரச்சினை தூக்கம். படுத்ததும் முதுகுக்குப் பின்னால் அந்த யூனிட் உறுமத் தொடங்குகிறது. பழகிவிடுமா?

பதில்: தொடர்ந்து ஓடுகிற சத்தம் ஒரு வாரத்தில் பழகிவிடும் தங்கச்சி, கொஞ்ச நாளில் அது இல்லாவிட்டால்தான் விழிப்பு வரும். சரக்கு காக்கிறவர்களுக்கு அதுவும் நல்லதுதான். தூக்கத்தைக் கெடுப்பது விட்டு விட்டு ஓடுகிற முறை. உறைந்த சரக்குக்குப் பெரும்பாலும் அப்படி வைப்பார்கள், குளிர் எட்டியதும் எஞ்சின் நின்றுவிடும், ஏறியதும் உதறிக்கொண்டு கிளம்பும். காய்கறிக்குக் காற்று நிற்காமல் ஓட வேண்டும் என்பதால் தொடர்ந்து ஓடும் முறை. தூக்கத்துக்காக இந்த முறையை மட்டும் மாற்றிவிடாதீர்கள், எதில் வைக்கச் சொன்னார்களோ அதிலேயே இருக்கட்டும். காதில் அடைக்கும் பஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் யூனிட்டின் அலாரம் போனுக்கு வருகிற மாதிரி வசதி இருந்தால் அந்தப் போனை அதிர்வில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓடும்போது பின்னால் படுப்பது வேறு கதை. அது யூனிட் சத்தத்தால் இல்லை, முன்னால் ஓட்டுகிறவர் மேல் நம்பிக்கை வரும்வரை தூக்கம் வராது. இறங்கும்போது எப்படி இருந்தது என்று இரண்டு பேரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள், அதைவிட வேறு மருந்து தெரியவில்லை.

கேள்வி: இந்த ரீஃபரை முதலில் கண்டுபிடித்தது யார்?

பதில்: ஃபிரெடெரிக் மெக்கின்லி ஜோன்ஸ், அமெரிக்கர், கறுப்பினத்தவர், 1893-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, பெரிய படிப்பு இல்லாமல், காராஜில் வேலை பார்த்தபடியே எல்லாவற்றையும் தானே கற்றுக்கொண்டவர். அதுவரை பெரும்பாலும் ஐஸையும் உப்பையும் கொட்டித்தான் சரக்கைக் கொண்டுபோனார்கள், ஐஸ் உருகினால் லோடும் போய்விடும். 1938 வாக்கில் ஜோசஃப் நியூமெரோ என்பவரோடு சேர்ந்து லாரியின் அதிர்ச்சியைத் தாங்குகிற குளிர் யூனிட்டைச் செய்தார். அந்தக் கம்பெனிதான் பிறகு தெர்மோ கிங் ஆனது. முதலில் வண்டிக்கு அடியில் மாட்டிப் பார்த்தார்கள், சாலைச் சேறும் தூசியும் அடைத்துக்கொண்டது, அதனால்தான் முன்சுவரில் மேலே ஏற்றினார்கள், இன்று வரைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ரத்தமும் மருந்தும் அவருடைய யூனிட்டுகளில் போயின. 1961-இல் காலமானார். 1991-இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவர் பெயருக்குக் கொடுக்கப்பட்டது. யூனிட் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு அவர் நினைவு வரும்.

கேள்வி: குளிர் கிடங்கில் டாக் கிடைக்கவே நாலைந்து மணி நேரம் ஆகிறது. அதற்குள் என் ஓட்டும் நேரம் தீர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: ரீஃபரின் உண்மையான கஷ்டம் இதுதான், மறைத்துச் சொல்ல விருப்பமில்லை. நேரம் கொடுத்துவிட்டு நிற்க வைப்பார்கள், அதுவும் அதிகாலை 2 மணி, 3 மணி என்று. ஒவ்வொரு நாட்டிலும் விதி ஒரு மாதிரி. அமெரிக்காவில் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம், டாக்கில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்த 14 மணி பெரும்பாலும் கரைந்துகொண்டேதான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். எந்த விதி உங்களுக்கோ அதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, போகும் முன்பே இறக்கிய பிறகு எங்கே நிறுத்துவது என்று பார்த்துவையுங்கள். வந்து சேர்ந்த நேரம், டாக் கொடுத்த நேரம், வெளியே விட்ட நேரம் மூன்றையும் பில்லிலேயே எழுதி அவர்கள் கையெழுத்தை வாங்குங்கள், காத்திருப்புப் பணம் கேட்க அதுதான் ஆதாரம். நேரம் தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது என்று ஆபீசுக்குச் சொல்லிவிடுங்கள். லோடு கெட்டுவிடும், கொஞ்ச தூரம்தானே என்று யாராவது அழுத்தினால், யூனிட்டில் டீசல் இருக்கிறவரை லோடு நின்ற இடத்திலும் குளிராகத்தான் இருக்கும் என்று பதில் சொல்லுங்கள். கண் சொருகிக்கொண்டு 30 டன்னுக்கு மேல் எடையை ஓட்டச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: உள்ளே உலர்பனிக்கட்டி வைத்த லோடு வந்தது. ஏதாவது ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. அது உருகித் தண்ணீராகாது, நேராகக் கரியமில வாயுவாக மாறும், மூடிய பெட்டிக்குள் அது கீழே தங்கி நிற்கும், உள்ளே ஏறினால் மூச்சு முட்டிவிடும். கதவை அகலத் திறந்து வைத்துக் காற்று ஓடிய பிறகே ஏறுங்கள், தனியாக ஏற வேண்டாம். கழித்தல் 78 டிகிரி என்பதால் வெறும் கையால் தொடவும் கூடாது. பொதுவாகவே எந்த ரீஃபர் கதவை மூடும் முன்பும் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று குரல் கொடுத்துவிட்டு மூடுங்கள்.

கேள்வி: போன வாரம் என் லோடைத் திருப்பிவிட்டார்கள். டாக்கில் ஒட்டுவதற்குக் கதவைத் திறக்கணும் என்று நானே சீலை வெட்டிவிட்டேன். வெப்பநிலை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்று நாளாக யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: விடாதீர்கள் தம்பி. சீல் என்பது வெறும் பூட்டு இல்லை. ஏற்றினவர் கையிலிருந்து இறக்குகிறவர் கை வரைக்கும் நடுவில் யாரும் சரக்கைத் தொடவில்லை என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அது போய்விட்டால் உள்ளே கலப்படம் நடக்கவில்லை, வெயில் படவில்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சாப்பிடுகிற பொருள் என்பதால்தான் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள். கிடங்கில் முதலில் காகிதத்தைக் கொடுங்கள், அவர்கள் ஆள் வந்து சீல் எண்ணைப் பில்லோடு சரிபார்த்து அவரே வெட்டட்டும், அல்லது அவர் முன்னால் அவர் சொல்லி நீங்கள் வெட்டுங்கள். வழியில் அதிகாரிகள் யாராவது சோதனைக்காக வெட்டினால் புதிய சீல் போடச் சொல்லி, அந்த எண்ணையும் நேரத்தையும் அதிகாரியின் கையெழுத்தையும் பில்லில் வாங்கிக்கொண்டு உடனே ஆபீசுக்குச் சொல்லுங்கள்.

இதைச் சேர்ந்த முதல் நாளே ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது அவர்கள் குறை. இப்போது செய்ய வேண்டியது இருக்கிறது. யூனிட் தன் வெப்பநிலையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பதிந்து வைத்துக்கொண்டே வரும், கதவு சென்சார் இருந்தால் திறந்த நேரமும் அதில் இருக்கும். சரக்கோடு ஏற்றுகிறவர்கள் வைத்த சின்னப் பதிவுக் கருவியும் பெரும்பாலும் பின் பேலட்டில் ஒட்டியிருக்கும். இரண்டையும் எடுத்து வைக்கச் சொல்லி ஆபீசிடம் எழுத்தில் கேளுங்கள், கதவு அந்தக் கிடங்கு வாசலில்தான் முதல் முறை திறந்தது என்பது அதில் தெரிந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். நடந்ததை நேரத்தோடு ஒரு பக்கம் எழுதி, நீங்கள்தான் வெட்டினீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சேர்த்து, நாளைக் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். உங்கள் பயிற்சியாளரையும் கூட அழைத்துப்போங்கள்.